ட்ராப் பேர் நெஜமாவே இருக்கா? முத்தியால்பேட்டை தம்பிக்கு பதில்

ட்ராப் பேர்னு ஒரு மிருகம் கிடையவே கிடையாது தம்பி, மொதல்ல அத அம்மாவுக்கு போன் போட்டு சொல்லிடு, மிச்சத்த அப்புறம் படி.

நீ எழுதுனத முழுசா படிச்சேன். சிட்னில வேர்ஹவுஸ் வேலைல புதுசா சேர்ந்திருக்க, கூட வேலை செய்றவங்க சிட்னி பக்கத்துல இருக்குற ப்ளூ மவுண்டன்ஸ் மலைக்கு கேம்ப் போக கூப்பிட்டிருக்காங்க, கூப்பிட்ட கையோட மரத்தடில பாத்து நட, மரத்துல இருக்குற கோலாங்கற மிருகம் மாதிரியே இருக்கும் ஆனா கறி திங்கும், மேலருந்து தலைல குதிச்சு கடிக்கும், காதுக்கு பின்னாடி வெஜிமைட் (அவங்க ரொட்டில தடவி திங்கற கருப்பு பேஸ்ட்) தடவிக்கோ, முடில ஃபோர்க் சொருவிக்கோன்னு ஒருத்தர் கூட சிரிக்காம சொல்லியிருக்காங்க, நீ அத வீட்டுக்கு சொல்ல அம்மா ஊருக்கே வந்துடுன்னு அழறாங்க. நான் சிட்னி பக்கம் செட்டில் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப லீவுல கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுல இருக்கேன், நேரம் இருக்கு, வெவரமாவே எழுதறேன்.

இந்த கதைய அந்த நாடே சேர்ந்து காப்பாத்திட்டு வருது. சிட்னில இருக்குற ஆஸ்திரேலியன் மியூசியம் அவங்க சைட்லயே இதுக்கு தைலார்க்டோஸ் ப்ளம்மேட்டஸ்னு ஒரு சயின்ஸ் பேரு வச்சு, சிறுத்தை சைஸ் இருக்கும், எடை 120 கிலோ, ஆரஞ்சு கலர் முடின்னு எழுதி வச்சிருக்கு. 2013ல ஆஸ்திரேலியன் ஜியாக்ரஃபிக் ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு ஒரு ஆர்ட்டிகிள் போட்டுது, வெளிநாட்டு ஆக்சென்ட்ல பேசறவங்களதான் ட்ராப் பேர் அதிகமா தாக்குதுன்னு. நெஜ கோலா எப்படின்னா பெருசா வளந்தாலும் 15 கிலோ தாண்டறது கஷ்டம், யூகலிப்டஸ் இலைய தின்னுட்டு ஒரு நாள்ல பதினெட்டு இருபது மணி நேரம் தூங்கும். அதுக்காக கிட்ட போய் தொட்றாத, நகம் கூர்மையா இருக்கும், சிட்னி இருக்குற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல மிருகங்கள வச்சிருக்குற பார்க்குல கூட அத தூக்கி வச்சு போட்டோ எடுக்க அனுமதி இல்ல.

ஆக்சென்ட் வெச்சு கதை கட்டறாங்களே, இது நம்மள மட்டம் தட்டறதான்னு கேட்டிருந்த. இல்ல தம்பி. இந்த கதைய இங்கிலீஷ்காரனுக்கும் சொல்றாங்க, ஜெர்மன்காரனுக்கும் சொல்றாங்க. 2020 ஜனவரில காட்டுத்தீ நியூஸ் எடுக்க கங்காரு தீவுக்கு வந்த பிரிட்டிஷ் டிவி ரிப்போர்ட்டர் ஒருத்தங்களுக்கு பாதுகாப்பு டிரெஸ் எல்லாம் மாட்டி விட்டு, சாதா கோலாவ கைல குடுத்து இதான் ட்ராப் பேர்னு நம்ப வச்ச வீடியோ உலகம் பூரா ஓடுச்சு, அந்த ரிப்போர்ட்டரும் சேர்ந்துதான் சிரிச்சாங்க. நான் பாத்த வரைக்கும் பேசவே பிடிக்காத ஆளுகிட்ட இந்த கதைய யாரும் மெனக்கெட்டு சொல்றதில்ல, அடுத்த வாரம் நம்ம கூட உக்காந்து சாப்பிடணும்னு நெனைக்கிற ஆளுக்குதான் சொல்றாங்க. உன்ன கேம்ப்புக்கு கூப்பிட்டிருக்காங்கல்ல, அதையும் சேர்த்து பாரு. நம்பற மாதிரியே கேட்டுட்டு, எங்க ஊர்ல கொம்பேறி மூக்கன்னு ஒண்ணு இருக்கு தெரியுமான்னு நீ ஆரம்பி, ராத்திரி பூரா பேச்சு ஓடும்.

கொம்பேறி மூக்கன்னதும்தான் ஞாபகம் வருது, இத நம்மூர்க்காரன்றதால சொல்லியே ஆகணும். கடிச்சுட்டு மரத்து உச்சில ஏறி நின்னு செத்தவன எரிக்கிற புகைய பாத்துட்டுதான் எறங்கும்னு பண்ருட்டிலருந்து பாண்டி வரைக்கும் சொல்லுவாங்க. அந்த பாம்புக்கு மனுசன கொல்ற விஷமே கிடையாது, ஓணானும் தவளையும் புடிச்சு தின்னுட்டு மரத்துல திரியற ஜீவன். பச்சைப்பாம்பு கண்ண கொத்தும்னுவாங்க, அரணை நக்குனா மரணம்னுவாங்க, அரணைக்கும் விஷம் இல்ல. ஆனா ஆஸ்திரேலியாக்காரங்க அவங்க கதைய கடைசில ஒடச்சு சொல்லிடறாங்க, நாம ஒடைக்கறதே இல்ல, அதனால எத்தன கொம்பேறி மூக்கன் சும்மா அடிபட்டு சாவுது, எனக்கு இது மனசுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம்.

சரி, இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். ட்ராப் பேர் பொய்யின்னு தெரிஞ்ச பெறகு நம்ம பசங்க அடுத்து யாரு எத சொன்னாலும் உடான்ஸுன்னு நெனச்சுடறாங்க, அதுதான் ஆபத்து. பிரிச்சு பாக்க எனக்கு தெரிஞ்ச வழி, பொய்க்கதைல பரிகாரம் நீளமா இருக்கும், வெஜிமைட்டு ஃபோர்க்குன்னு. நெஜ ஆபத்துக்கு பெரும்பாலும் கவுன்சிலோ பார்க்குகாரங்களோ போர்டு வச்சிருப்பாங்க, அதுல ரெண்டே வரிதான் இருக்கும்.

மேக்பைன்னு கருப்பு வெள்ளை பறவை, ஆகஸ்ட் செப்டம்பர்ல கூடு கட்டறப்ப பின்னாலருந்து தலைய நோக்கி பாயும். சைக்கிள்காரங்க ஹெல்மெட்ல கேபிள் டை குத்தி முள்ளு முள்ளா வச்சிட்டு போவாங்க, பாத்தா இதுதான் ஃபோர்க் கதை மாதிரி இருக்கும், ஆனா இது நெஜம். 2019ல வுல்லங்காங் பக்கம் ஒரு பெரியவர் மேக்பைகிட்டருந்து தப்பிக்க சைக்கிள திருப்பி விழுந்து இறந்தே போனார். போர்டு பாத்தா வேற ரோட்ல போ, இல்ல சைக்கிள விட்டு எறங்கி நடந்து போ.

மரத்துலருந்து தலைல விழறதுன்னு பாத்தா கெளைதான் விழும். பெரிய கம் மரம், அதான் யூகலிப்டஸ், காத்தே இல்லாத நாள்லயும் திடீர்னு தடிமனான கெளைய ஒடச்சு போடும், ஆள் செத்திருக்காங்க. அதனால ப்ளூ மவுண்டன்ஸ்ல டென்ட் அடிக்கறதுக்கு முன்னாடி மேல அண்ணாந்து பாரு, மரத்துக்கு நேர் கீழ அடிக்காத. காலைல ஷூவ தட்டிட்டு போடு, அந்த பக்கம் ஃபனல் வெப்னு கொடிய விஷமுள்ள சிலந்தி உண்டு. அது கடிச்சாலும் பாம்பு கடிச்சாலும் கடிவாய கழுவாத, கீறாத, எலாஸ்டிக் பேண்டேஜ கை கால் முழுக்க இறுக்கமா சுத்தி ஆடாம அசையாம படுத்துட்டு அந்த ஊர் அவசர நம்பர் 000க்கு போன் போட சொல்லு. ஃபனல் வெப்புக்கு 1981லயே மருந்து வந்துடுச்சு, அதுக்கப்புறம் அது கடிச்சு யாரும் செத்ததா பதிவே இல்ல.

எல்லாத்தையும் விட பீச்சுதான் எனக்கு பயம். கடலோரத்துல வளந்தவன், கடல் எனக்கு தெரியும்னு எறங்காத, ரிப்னு ஒரு நீரோட்டம் நல்லா நீந்தறவனையும் உள்ள இழுத்துட்டு போயிடும், வருஷா வருஷம் சுறா கொல்றத விட அது கொல்றது அதிகம், நம்ம ஆளுங்க பேரும் அடிக்கடி நியூஸ்ல வருது. செவப்பு மஞ்ச கொடி ரெண்டுக்கும் நடுவுல மட்டும்தான் குளிக்கணும், கொடி இல்லன்னா கால நனச்சுட்டு வந்துடு.

உப்புத்தண்ணி முதலை வடக்கே டார்வின், கெய்ர்ன்ஸ் பக்கம்தான், சிட்னில கெடையாது. அம்மாவுக்கு இத சொல்றப்ப நம்ம சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்துல முதலை இருக்குறதையும் சொல்லு, அவங்களுக்கு அளவு புரியும். பாம்புக்கடில ஆஸ்திரேலியால வருஷத்துக்கு சராசரியா ரெண்டு மூணு பேர்தான் சாவறாங்க, இந்தியால 2000லருந்து 2019 வரைக்கும் பன்னெண்டு லட்சம் பேர்னு ஆராய்ச்சிக்காரங்க கணக்கு போட்டிருக்காங்க.

போன்ல சொன்னா அம்மா நம்ப மாட்டாங்கன்னு தோணுச்சுன்னா சொல்லு, அடுத்த வாரம் பாண்டிக்கு வர்ற வேலை இருக்கு, முத்தியால்பேட்டைக்கு நானே வந்து அம்மாகிட்ட உக்காந்து பேசிட்டு போறேன். நீ கேம்ப்புக்கு கண்டிப்பா போ, ஜூலைல அங்க குளிரு பிச்சு எடுக்கும், நல்ல ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேகும் வாங்கிக்கோ.