ரிவெட் ஓரத்தில் கசியும் டேங்க்

கேள்வி: வீட்டில் கட்டிவரும் சிறு விமானத்தின் அலுமினிய இறக்கை டேங்க்கில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) ஓரம் பெட்ரோல் கசிகிறது. வெளியே சீலன்ட் பூசினால் நிற்குமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: நிற்காது. பெட்ரோல் உள்ளிருந்து தள்ளி, பூச்சை உரித்துவிடும். ஈரம் தெரியும் இடத்தில்தான் ஓட்டை என்றும் நம்பாதீர்கள். தகடுகளின் இடுக்கிலேயே ஓடி வேறிடத்தில் எட்டிப்பார்க்கும். டேங்க்கை வடித்து, காற்றோட்டத்தில் ஆவி போக உலர்த்துங்கள். மற்ற வழிகளை அடைத்து, வென்ட் குழாயில் (டேங்க்குக்குள் காற்று போய்வரும் குழாய்) பலூன் கட்டி லேசாகக் காற்றேற்றுங்கள். அழுத்தம் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்ட்) தாண்டினால் தகடு உப்பும். சோப்புநீரில் குமிழி வருமிடத்தை, மூடியைக் கழற்றி உள்ளே சுரண்டி, துணியில் அழுக்கு ஒட்டாமல் போகும்வரை அசிட்டோனால் துடையுங்கள். பாலிசல்ஃபைட் சீலன்டை (பெட்ரோலில் கரையாத ரப்பர் போன்ற பூச்சு) டப்பாவில் உள்ள விகிதப்படி, கண்ணளவில் அல்ல, தராசில் கலக்குங்கள். வடசென்னைக் கடற்காற்றின் ஈரத்திலும் வெக்கையிலும் அது சீக்கிரம் இறுகும். ஆகவே சிறிது சிறிதாகக் கலந்து, துடைத்த இடத்தில் உள்ளே பூசுங்கள். முழுதும் இறுகியபின் மறுபடி பலூன் சோதனை.