அம்மாவின் மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 9 வருடமாக மனச்சோர்வு நோய். டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும் மரபணுக்களில் மாற்றம் இருந்தால் இது வரலாம் என்று படித்து, பணம் கட்டிப் பரிசோதனை செய்துகொண்டேன். ஓஜிஜி1 மரபணுவில் மாற்றம் இருப்பதாக ரிப்போர்ட். தை மாதம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து போவதால் அம்மாவின் மாத்திரைகளைக்கூட இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம். எனக்கும் இந்த நோய் வருமா?
- வாசகி, திருச்சி

பதில்: ரிப்போர்ட் இருக்கட்டும். ‘மாத்திரைகளைக்கூட நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? டாக்டரிடம் கேட்டதாக எழுதவில்லை. அம்மாவிடம் கேட்டதாகவும் இல்லை. இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு வரலாம்; அடங்கியிருந்த நோய் திரும்பவும் கூடும். விருந்தாளி கண்ணில் ஒரு மாத்திரை அட்டை பட்டுவிடக் கூடாது என்பதற்காகவா பெற்றவளை இந்தப் பாடு படுத்துவது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, மரபணுவுக்கு வருகிறேன். டிஎன்ஏவின் நான்கு ‘எழுத்து’களில் ஒன்று குவானின்; ஆக்சிஜனேற்றத்தால் கெட்டுப்போன குவானினை டிஎன்ஏவிலிருந்து வெட்டியெடுப்பது ஓஜிஜி1-இன் வேலை. போலந்து ஆய்வாளர்கள் சில நூறு பேரை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இப்படிப்பட்ட பழுதுபார்க்கும் மரபணுக்களின் சில வகைகள் மனச்சோர்வு நோயாளிகளிடம் கூடுதலாகத் தெரிந்தன. அதே வகைகள் நலமாக இருப்பவர்களிடமும் உண்டு. இரட்டையர் ஆய்வுகள் இந்த நோயில் பரம்பரையின் பங்கை 37% அளவில் சொல்கின்றன; அதுவும் ஏராளமான மரபணுக்களில் சிறிது சிறிதாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே ஒரு மரபணுவைப் பார்த்து யாரும் உங்களுக்கு ஜோசியம் சொல்ல முடியாது.

ஆனால் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. குழந்தை பிறந்த பிறகான மாதங்களில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அப்போது உங்களுக்கே மாத்திரை தேவைப்பட்டால், புகுந்த வீட்டில் அதை எங்கே ஒளித்து வைப்பீர்கள், மகளே?

நாளைக்கே அம்மாவை அந்த டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பழைய அளவில் நீங்களாக மறுபடி கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். ‘வாழப் பிடிக்கவில்லை’ என்கிற மாதிரி அம்மா ஏதாவது சொன்னால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், தனியாகவும் விடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற அரசு உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். அப்புறம், அம்மாவின் சம்மதத்தோடு மாப்பிள்ளையிடம் விஷயத்தை நீங்களே சொல்லுங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்பே.