மதிய மேசையில் தனியாக ஒரு தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. ஆட்டிசம் இருப்பது இரண்டு வருடம் முன்புதான் தெரிந்தது. ஐ.டி. வேலையில் கெட்டிக்காரன். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தான் வாய் திறந்தாலே எல்லாரும் அமைதியாகி விடுவதாக வருந்துகிறான். பழகக் கற்றுத்தரும் பயிற்சி இந்த வயதில் பலன் தருமா, டாக்டர்?
- வாசகி, மதுரை

பதில்: தரும், சகோதரி. ஆனால் விருப்பம் தம்பியுடையதாக இருக்க வேண்டும். சிலருக்குத் தனியாகச் சாப்பிடுவதுதான் ஓய்வு. அவரிடமே கேளுங்கள்.

லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய 'பியர்ஸ்' பயிற்சி இளைஞர்களுக்கும் உண்டு. 16 வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம். வீட்டார் ஒருவருக்கும் கூடவே வகுப்பு நடக்கும். வாரம் முழுக்கப் பழக்கிவிடுவது அவர் பொறுப்பு. பயிற்சி பெற்றவர்கள் நண்பர்களைச் சந்திப்பது கூடியதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

"போய் ஹலோ சொல்லு" என்றுதான் நாம் எல்லாரும் சொல்லித்தருகிறோம். நாம் அப்படியா பேச்சில் சேர்கிறோம்? பக்கத்தில் நின்று, என்ன பேசுகிறார்கள் என்று காதில் வாங்கி, ஒரு இடைவெளி வரும்போது அதே விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்கிறோம். யாரும் நம் பக்கம் திரும்பவில்லை என்றால் நகர்ந்துவிடுகிறோம். நமக்குத் தானாக வரும் இதைத்தான் அங்கே படிப்படியாகக் கற்றுத்தருகிறார்கள். நீங்களும் தம்பியோடு வீட்டிலேயே ஒத்திகை பார்த்துப் பழகலாம்.

கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தன் இயல்பை நாள் முழுக்க மறைத்து நடிப்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. அப்படி இயல்பை மறைக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் எனக்கு உடன்பாடில்லை. தூக்கம் குறைந்தாலோ, எதிலும் பிடிப்பில்லை என்று சொன்னாலோ உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை.

பயிற்சிக்கு, பெரியவர்களோடு வேலை செய்து பழகிய மருத்துவ உளவியலாளரைத் தேடுங்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

இன்னொன்று. ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இருபக்கமும் புரியாமை உண்டு என்று 2012-லேயே எழுதியவர் பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்ட்டன். அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான். மேசையில் அமைதியாகிவிடுகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தம்பி சம்மதித்தால், அவர் நம்பும் ஒரு சக ஊழியரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, மதியம் தம்பியின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.