சோடியம் 128 என்றால் கோடு போட்டுவிடலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம். விலங்கியல் முடித்த மகளை மெடிக்கல் கோடிங்கில் சேர்க்கலாமா, அது சும்மா டைப் அடிக்கிற வேலைதானே என்று அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். ஆரம்பத்தில் சார்ட்டை (நோயாளியின் மருத்துவக் குறிப்பை)ப் படித்து, காப்பீட்டு பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய கோடு, அதாவது குறியீட்டு எண், போடுவதுதான் பிழைப்பு. தினமும் டார்கெட் உண்டு. தப்பினால், போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டர் திருப்பி அனுப்புவார். அவர் எதை வைத்துத் தப்பு என்கிறார் தெரியுமா? அதைத் தெரிந்துகொண்ட பிள்ளைதான் மேலே போகும்.

இங்கே நடக்கும் கோடிங் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு. நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் என்ற குறியீட்டுப் பட்டியல், 2015 அக்டோபர் 1 முதல் அங்கே அதுதான். அதற்கான விதிகள் வருஷா வருஷம் அக்டோபரில் புதுப்பிக்கப்படும். விதி 'உன் இஷ்டம்' என்று விட்ட இடத்தில் மருத்துவமனை தனக்கென்று கொள்கை எழுதி வைத்துக்கொள்ளும். பனை ஏறியவர் விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வருகிறார் என்று வையுங்கள். எலும்பு முறிவுக்குக் கோடு போட்டே ஆகவேண்டும். மரத்திலிருந்து விழுந்தார் என்பதற்கும் டபிள்யூ14 என்று தனிக்கோடு இருக்கிறது. (சிரிக்காதீர்கள், நாய்க்கடிக்கும் இருக்கிறது.) மாநில அரசோ காப்பீட்டு நிறுவனமோ கேட்காவிட்டால் இதைப் போடுவதா வேண்டாமா என்பது மருத்துவமனையின் முடிவு. முடிவு செய்தபின் ஆளுக்கொரு மாதிரி போடக் கூடாது.

ஆனால் உள்கொள்கை விதியை மீற முடியாது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 128, இயல்பைவிடக் குறைவு. டாக்டர் குறிப்பில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'குறைந்தால் கோடு போட்டுவிடு, பில் கூடும்' என்று எழுதி வைத்தால் செல்லாது. லேப் எண்ணைப் பார்த்துக் கோடர் நோய் சொல்லக் கூடாது. சிகிச்சை கொடுத்திருந்தால் டாக்டரிடம் கேட்கலாம். அப்போதும் 'சோடியம் குறைவு என்று எழுதித் தாருங்கள்' என்று வாயில் ஊட்டக் கூடாது. 'சோடியம் 128, இந்த மருந்து கொடுத்திருக்கிறீர்கள், எதற்காக?' என்றுதான் கேட்க வேண்டும். இப்படிக் கேள்விகளை வார்க்கத் தெரிந்தவர்தான் பின்னால் ஆடிட்டராகவும் கொள்கை எழுதுகிறவராகவும் ஆவார். கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடுமாமே என்று பயப்படுகிறீர்கள். போடட்டும், அதைச் சரிபார்க்கவும் இவர்கள்தான் வேண்டும்.

சரி, பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் ஃபீஸ் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: டாக்டர் 'டெங்குவாக இருக்கலாம்' என்று எழுதினால் என்ன கோடு? ஓபியில் காய்ச்சலுக்குத்தான் போட வேண்டும், டெங்குவுக்கு இல்லை. உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் வரை 'இருக்கலாம்' என்றே நின்றால் டெங்கு என்றே போடலாம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்' என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோடர்களுக்கான சிபிசி என்ற சான்றிதழ் தேர்வில் 100 கேள்வி, 4 மணி நேரம், 70 சதவீதம் வேண்டும். கோடு புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம், மனப்பாடம் உதவாது. அந்த ஐசிடி விதித் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பாப்பாவை முதலில் பத்துப் பக்கம் படிக்கச் சொல்லுங்கள். கொட்டாவி வராமல் கேள்வி வந்தால் ஃபீஸ் கட்டலாம்.