வீட்டுத் தொட்டியில் வளர்த்த அஞ்சாலை கடித்துவிட்டது. நான் இழப்பீடு தர வேண்டுமா?

கேள்வி: வாடகை வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்து அஞ்சாலை (மோரே ஈல் என்ற விலாங்கு வகை மீன்) வளர்க்கிறேன். என் கையிலிருந்தே இரை வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகியது. போன மாதம் நான் உள்ளே போயிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையன் மூடியைத் தூக்கிக் கையை விட்டிருக்கிறான். விரலில் கடித்துவிட்டது, தையல் போட்டார்கள். அவன் அப்பா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வீட்டு உரிமையாளரோ தொட்டியை எடு, இல்லையென்றால் காலி செய் என்கிறார். தவறு பையனுடையதுதானே?

பதில்: முதலில் ஒன்று. "கையில் வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகியது" என்பதை உங்கள் தரப்பு வாதமாக வைக்காதீர்கள். கேட்டால் மறைக்கவும் வேண்டாம். ஆனால் அது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அஞ்சாலைக்குக் கண்பார்வை மந்தம், மோப்பத்தில்தான் இரை தேடும். கையால் ஊட்டிப் பழக்கினால், தண்ணீருக்குள் வரும் விரலையே அது இரையாக நினைக்கும். பல இனங்களுக்குப் பற்கள் உள்நோக்கி வளைந்திருக்கும். தொண்டைக்குள் இன்னொரு தாடையும் உண்டு. கடித்ததை அது முன்னால் வந்து பிடித்து உள்ளே இழுக்கும். கடிபட்டவர் பயத்தில் கையை வெடுக்கென்று இழுத்தால் சதை கிழிகிறது. அஞ்சாலை வளர்ப்பவர் இதெல்லாம் தெரியாது என்றால் எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆங்கிலேயச் சட்ட மரபு வழிவந்த இடங்களில் பழைய விதி இதுதான்: நாய், மாடு போன்ற வளர்ப்பு இனம் என்றால், அது கடிக்கும், முட்டும் என்று அதை வளர்ப்பவருக்கு முன்பே தெரியும் என்பதைப் பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டும். இயல்பிலேயே ஆபத்தான காட்டு இனம் என்றால் அந்த நிரூபணம் வேண்டாம், அலட்சியத்தைக்கூடக் காட்டத் தேவையில்லை. 1846-இல் ஒரு குரங்குக் கடி வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் சொன்னது இது. 1957-இல் சர்க்கஸ் யானை வழக்கு ஒன்று வந்தது. அந்த யானை பசுவைப் போலச் சாதுதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனாலும் யானை யானைதான் என்று சர்க்கஸ்காரரை இழப்பீடு கட்ட வைத்தார். பிறகு பல நாடுகள் தனிச் சட்டமே போட்டுவிட்டன, அதை உள்ளூர் வக்கீலிடம் கேளுங்கள்.

அஞ்சாலை ஆபத்தான இனமா? வாதிட இடம் உண்டு. ஒரு மீட்டரைத் தாண்டாத இனங்களும் இருக்கின்றன, மூன்று மீட்டர் வரை வளர்வதும் இருக்கிறது. எனவே உங்களிடம் இருப்பது எந்த இனம் என்று குறித்து வையுங்கள். சரி, ஆபத்தான இனம் இல்லை என்றே தீர்ப்பானாலும் அலட்சியம் என்ற கேள்வி போகாது. பத்து வயதுப் பையன் தூக்கக்கூடிய மூடி! சின்ன இடைவெளி கிடைத்தாலே வெளியே நழுவிவிடும் மீன் இது. அதற்காகவாவது கிளிப்போ பூட்டோ போட்டிருக்க வேண்டும்.

பையனின் தவறும் கணக்கில் வரும், ஆனால் பெரியவர்களுக்கான அளவுகோலால் அல்ல. அந்த வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு விவேகம் இருக்குமோ அவ்வளவுதான். நீங்கள் அவனை முன்பே எச்சரித்திருந்தீர்களா, அதை யார் காதால் கேட்டார்கள் என்பது இங்கே முக்கியம். அதனால் இழப்பீடு குறையலாம், முழுதாகத் தப்புவது கடினம்.

வீட்டு உரிமையாளர் விஷயத்தில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். செல்லப்பிராணி கூடாது என்று இருந்தாலும் அது மீனுக்குப் பொருந்துமா என்று வாதாடலாம். எனக்கு அதைவிடத் தளத்தின் மேல் ஏறும் தொட்டியின் எடைதான் கவலை: 500 லிட்டர் தண்ணீர் மட்டுமே அரை டன். வாய்வார்த்தையாகச் சொன்னதற்காக நீங்கள் காலி செய்ய வேண்டியதில்லை, முறையான நோட்டீஸ் வரட்டும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு, நோட்டீஸில் உள்ள கெடு தேதிக்குள், "உரிமைகளுக்குப் பாதகமின்றி" (அதாவது, இது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது) என்று குறிப்பிட்டு மருத்துவச் செலவைத் தர முன்வரும் கடிதம் ஒன்றை வக்கீல் மூலம் அனுப்புங்கள். அதற்கு முன் வீட்டுக் காப்பீடு இருந்தால் நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்; அவர்களைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் பாலிசி கைவிடக்கூடும். அப்புறம், பயந்துபோய் மீனைக் கடலில் விட்டுவிடாதீர்கள், அந்நிய இனத்தை விடுவது பல நாடுகளில் தனிக் குற்றம். வேறு யாருக்காவது கொடுப்பதானால், கடித்ததைச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.