தடித்து ஒடுங்கிய எழுத்துகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய தொழிற்சாலைப் பலகையை நினைவூட்டும், தடித்து ஒடுங்கிய ஆங்கில எழுத்துகள் இப்போது காபிக் கடை முதல் டி-ஷர்ட் வரை எங்கும் தென்படுகின்றனவே, இவற்றின் பூர்வீகம் எது?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: 19-ஆம் நூற்றாண்டின் சுவரொட்டிதான். தாளின் அகலம் கூடாது, சொல்லோ நீளமானது, தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும் அது படிக்கப்பட வேண்டும். ஆகவே எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கி, உயரத்தில் வளர்த்தார்கள். அவ்வளவு பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் கனம் மிகுந்துவிடும், விலையும் கட்டுப்படியாகாது என்பதால் அச்சகங்கள் மரத்தை நாடின. நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மரத்தைக் குடைந்து எழுத்துகளை விரைவாகச் செய்யும் இயந்திர முறையைக் கண்டு, 1828-இல் தம் மர எழுத்துகளின் மாதிரிப் பட்டியலையும் வெளியிட்டார். உறுதியான மேப்பிள் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் செதுக்கப்பட்ட அவ்வெழுத்துகள் அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தை நன்றாகவே தாங்கின.

இன்று நீங்கள் காணும் சாயலுக்கு நெருங்கிய மூதாதை, அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் 1903-இல் வடிவமைத்த 'ஆல்டர்னேட் காதிக்' என்ற எழுத்துரு. மூன்று அகலங்களில் வெளிவந்த அதில் முதலாம் எண்ணே மிகவும் ஒடுக்கமானது; 2009-இல் இலவசமாக வெளியான லீக் காதிக் என்ற கணினி எழுத்துரு அதன் மறுவார்ப்பே. யூடியூபின் பழைய சின்னத்தில் இருந்ததும் இதே குடும்பத்து எழுத்துதான்.

கேள்வி: தனியாக ஓர் எழுத்துரு எதற்கு? கையில் இருப்பதையே கணினியில் அமுக்கி ஒடுக்கினால் போதாதா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: போதாது. ஆங்கில 'ஈ' எழுத்தை அறுபது விழுக்காடு அகலத்துக்கு அமுக்கிப் பாருங்கள்: நிமிர்ந்த தண்டு மெலிந்துவிடும், மூன்று கைகளும் பழைய தடிமனிலேயே நிற்கும், தூண் இளைத்து உத்தரம் பருத்த வீட்டைப் போல அது பார்வைக்கே ஆட்டம் காணும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தில் தண்டின் தடிமன் குறையாமல் காக்கப்பட்டிருக்கும். 'ஓ'வின் இருபுறமும் வளையாமல் நேராக இறங்குவதால், அடுத்த எழுத்தை நெருக்கி நிறுத்தினாலும் இடைவெளிகள் ஒரே சீராக அமையும். அந்த இறுக்கமான சீர்மையைத்தான் நாம் 'தொழிற்சாலைத் தன்மை' என்று உணர்கிறோம் என்பது என் கருத்து. தலைப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பத்துப் புள்ளி அளவில் பத்தி முழுவதும் கோத்தால் படிப்பவர் கண் நோகும்.

கேள்வி: இத்தகைய எழுத்துருவில், கீறலும் மை விடுபட்ட திட்டுகளும் கொண்ட பதிப்பை வாங்கினால் பழமை கூடுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: ஒரு நிபந்தனையோடு கூடும். தேய்ந்த மர எழுத்துகளில் ஒவ்வொன்றின் தழும்பும் வேறு. கணினி எழுத்துருவிலோ, காபி என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது அருகருகே நிற்கும் இரண்டு 'எஃப்'களிலும் ஒரே கீறல் ஒரே இடத்தில் விழுந்து, குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் இருக்கும். அவற்றை மாறி மாறி இடுங்கள். மாற்று வடிவங்கள் இல்லையென்றால் கீறலற்ற பதிப்பையே வாங்கி, சொரசொரப்பான பழுப்புத் தாளில் ஒற்றை மையில் அச்சிடுங்கள். வேண்டிய பழமையைத் தாளே தந்துவிடும்.