ஒரு கிண்ணம் பேரிக்காய்க் கஞ்சியும் சீனத்து இலையுதிர்காலமும்: கேள்வி பதில்

பெய்ஜிங்கில் சீன மருத்துவம் படித்துவிட்டு, அங்கேயே சில வருடம் குடித்தனமும் நடத்தியவள் நான். இலையுதிர்காலம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அக்கா, இலையுதிர்காலம் வந்தாலே சீனர்கள் நுரையீரல், நுரையீரல் என்கிறார்களே, ஏன்? (கோவை)

பெய்ஜிங்கில் ஒரு அக்டோபர் மாதம் இருந்து பாருங்கள், கேட்கவே மாட்டீர்கள். காலையில் எழுந்தால் உதடு வெடித்திருக்கும், மூக்குக்குள் எரியும், ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று பொறி பறக்கும். அவ்வளவு காய்ந்த காற்று. சீனக் கணக்கில் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து. நம் பஞ்சபூதம் வேறு, இது வேறு. இலையுதிர்காலம் உலோகத்துக்கு உரியது. அதற்கு உரிய உறுப்பு நுரையீரல், அதன் ஜோடி பெருங்குடல், இரண்டுக்கும் எதிரி வறட்சி. மூக்கும் தோலும்கூட நுரையீரல் கணக்கில்தான் வரும். அதனால் வறட்டு இருமல், தோல் அரிப்பு, மலச்சிக்கல் மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டுவிடுவார்கள். எக்ஸ்ரேயில் தெரிகிற நுரையீரலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருமினால் எக்ஸ்ரே எடுக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இலையுதிர்காலம் எப்போது பிறக்கிறது? உடனே ஸ்வெட்டர் போட வேண்டுமா? (பெய்ஜிங்குக்குப் படிக்கப் போகும் மாணவர்)

ஆண்டை 24 பருவங்களாகப் பிரித்த சீன நாட்காட்டியில் ஆகஸ்ட் 7 அல்லது 8, 'லிச்சியு', அதாவது இலையுதிர்காலப் பிறப்பு. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். அதற்கு 'இலையுதிர்காலப் புலி' என்றே பெயர். கோடையில் இளைத்த உடம்பைத் தேற்ற வடக்கே அன்று கறிச் சாப்பாடு. நாற்காலியை விட்டு எழாத நமக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி.

ஸ்வெட்டருக்கு அவசரம் வேண்டாம் தம்பி. 'வசந்தத்தில் போர்த்திக்கொள், இலையுதிரில் குளிரவிடு' என்பது அங்கே பாட்டிகளின் வாக்கு. செப்டம்பர் 7, 8 வாக்கில் 'வெண்பனித்துளி' பருவம் வந்ததும் அதே பாட்டிகள் அரைக்கால் சட்டைக்குத் தடை போட்டுவிடுவார்கள்.

இந்த வறட்சிக்குக் குடிக்கும் பேரிக்காய்க் கஞ்சி எப்படிச் செய்வது? என் கை பட்டால் தண்ணீராகவே இருக்கிறது. (ஷாங்காய்)

தீயைக் கூட்டிவைத்து அவசரப்படுகிறீர்கள். 'யின் அர்' என்கிற வெள்ளைக் காளான் ஒரு பூவைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். அடியில் மஞ்சளாக, கெட்டியாக இருக்கும் காம்பை வெட்டி எறியுங்கள். மீதியை விரலால் பொடிப்பொடியாகப் பிய்க்க வேண்டும், எவ்வளவு சிறிதோ அவ்வளவு கொழகொழப்பு. சிறு தீயில் ஒன்றரை மணி நேரம் வேகட்டும். கரண்டியிலிருந்து கஞ்சி நூலாக இறங்கும்போது பேரிக்காய்த் துண்டு, தாமரை விதை, கொஞ்சம் கற்கண்டு. பேரிக்காயைத் தோலோடு போடுங்கள். அரை மணி கழித்து இறக்கிவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. காளானை ராத்திரி முழுக்க வெளியில் ஊறப்போடாதீர்கள். அதில் பாங்க்ரெக்கிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகலாம், கொதிக்கவைத்தாலும் போகாது. 2020 அக்டோபரில் வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஒரே வீட்டில் 9 பேரைக் கொன்றது இந்த நஞ்சுதான். அங்கே அது புளித்த சோள நூடுல்ஸில் இருந்தது. கசப்பு வாதுமைப் பருப்பைக் கைநிறைய அள்ளிப் போடுவதும் ஆபத்து, அதில் சயனைடு உண்டாகும்.

எனக்குச் சளி வெள்ளையாக வருகிறது, உடம்பு நடுங்குகிறது. இந்தக் கஞ்சி குடிக்கலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

வேண்டாம். பேரிக்காய் குளிர்ச்சி, உங்களுக்கு வந்திருப்பதும் குளிர்ச்சி. இஞ்சித் தண்ணீர் குடியுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, இதயத்துக்கு வார்ஃபரின் மாத்திரை வேறு. சீன மூலிகைக் கடையில் டாங்குயி வேர் சூப் குடிக்கச் சொல்கிறார்கள். (பினாங்கு)

கொடுக்காதீர்கள் தங்கச்சி. வார்ஃபரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, டாங்குயி அதோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும். அவர் டாக்டரைக் கேட்காமல் எந்த மூலிகையும் வேண்டாம். கற்கண்டும் சர்க்கரைதான், பெயரில் ஏமாறாதீர்கள்.

நண்டு சீசன் என்கிறார்களே, அது உடம்புக்கு நல்லதா? (சூஜோ)

நண்டுக்குப் பேர்போன யாங்செங் ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் பெண் நண்டு, பத்தாம் மாதம் ஆண் நண்டு என்பது அந்த ஊர்ப் பழமொழி. நண்டு 'மிகக் குளிர்ச்சி' என்பதால் இஞ்சி போட்ட வினிகரும் சூடாக்கிய அரிசி மதுவும் உடன் வரும். மருத்துவம் எவ்வளவு, நாக்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை. இரண்டு நண்டோடு எழுந்துவிடுங்கள்.

இதெல்லாம் சென்னையில் பின்பற்றலாமா? அக்டோபரில் சுக்கு காபியை நிறுத்த வேண்டுமா? (மயிலாப்பூர்)

இலையுதிரில் காரத்தைக் குறை, புளிப்பைக் கூட்டு என்பது சீன விதி. காரம் உடம்பை மேலும் உலர்த்தும் என்ற கணக்கு. ஆனால் ஐப்பசியில் உங்கள் தெருவில் வறட்சி எங்கே இருக்கிறது? முழங்கால் தண்ணீர் அல்லவா நிற்கும்! நாம் கூதிர் என்று பெயரிட்ட மழைக்குளிர் அது. பெய்ஜிங் காய்கிற அதே வாரத்தில் உங்கள் சுவர் ஈரம் கக்கிக்கொண்டிருக்கும். அந்த ஊர்க் கஞ்சியை ருசிக்காகக் குடியுங்கள், சுக்கு காபி அதுபாட்டுக்கு இருக்கட்டும்.